அஞ்சல்தலையில் ஒரு நகரம்: ஹைதராபாத்தின் சின்னங்கள் யாருடையவை?

1978ஆம் ஆண்டு இந்திய அஞ்சல் துறை, நாட்டின் அருங்காட்சியகங்களில் உள்ள அரும்பொருள்களைக் காட்டும் அஞ்சல்தலை வரிசை ஒன்றை வெளியிட்டது. அவற்றுள் ஒன்றில் இடம்பெற்றவை முகலாயப் பேரரசர் ஜஹாங்கீரின் குத்துவாளும் கத்தியும். அவை ஹைதராபாத் சாலர் ஜங் அருங்காட்சியகத்தின் சேகரிப்பைச் சேர்ந்தவை. மூசி ஆற்றின் தென்கரையில் நிற்கும் அந்த அருங்காட்சியகத்தில் பிதர் நகரத்து உலோக வேலைப்பாடுகளும், தக்காண ஓவியங்களும், அரபி, பாரசீக, உருதுக் கையெழுத்துச் சுவடிகளும் மிகுதியாக உள்ளன. ஆயினும் நாடு முழுவதும் உறைகளில் ஒட்டிச் சென்றது வடக்கே ஆண்ட ஒரு பேரரசரின் உடைவாள். உள்ளூர்ப் பண்பாட்டின் எந்தப் பகுதி தேசத்தின் சொத்தாகத் தேர்ந்தெடுக்கப்படுகிறது, அத்தேர்வைச் செய்பவர் யார் என்ற வினாவை அச்சிறு தாள் எழுப்புகிறது.

ஹைதராபாத்தைப் பொறுத்தவரை இவ்வினாவுக்கு நீண்ட முன்வரலாறு உண்டு. அந்நகரம் சுமார் 80 ஆண்டுகள் தனக்கெனச் சொந்தமாக அஞ்சல்தலைகளை வெளியிட்ட ஒரு சமஸ்தானத்தின் தலைநகரமாக இருந்தது. எவற்றைத் தன் அடையாளமாகக் காட்டலாம் என்பதை அது தானே முடிவு செய்த காலம் ஒன்று இருந்தது. அக்காலத்துத் தலைகளையும் அதற்குப் பின் வந்த இந்தியத் தலைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால், ஒரே கட்டடங்களும் சிற்பங்களும் வெவ்வேறு ஆட்சிகளுக்கு வெவ்வேறு பொருள் தந்திருப்பது புலனாகும்.

திவானின் அஞ்சல்

ஹைதராபாத் சமஸ்தானத்தின் முதல் அஞ்சல்தலை 1869இல் வெளியானது. அதே ஆண்டின் தொடக்கத்தில் ஐந்தாம் நிஜாம் அஃப்சல்-உத்-தௌலா காலமானார். மகன் மீர் மஹ்பூப் அலி கானுக்கு அப்போது மூன்று வயதுகூட நிரம்பவில்லை. ஆட்சிப் பொறுப்பு நடைமுறையில் திவான் முதலாம் சாலர் ஜங்கின் கையில் இருந்தது. 1853 முதல் 1883 வரை திவானாக இருந்த அவர் வருவாய், நீதி, காவல் ஆகிய துறைகளைச் சீரமைத்தவர். அவ்வகையில், அஞ்சல்தலையும் அவருடைய புதிய நிர்வாகத்தின் ஒரு கூறாகவே பிறந்தது.

இதே மனிதர்தான் 1876இல் ஐரோப்பியப் பயணத்தின்போது ரோம் நகரில் ஜியோவானி மரியா பென்சோனி வடித்த ‘முக்காடிட்ட ரெபெக்கா’ என்னும் பளிங்குச் சிலையை வாங்கினார். இன்று சாலர் ஜங் அருங்காட்சியகத்துக்கு வருவோர் கூட்டமாக நின்று பார்ப்பது அச்சிலையைத்தான். சமஸ்தானத்தின் அஞ்சல்தலையும் நகரத்தின் புகழ்பெற்ற அருங்காட்சியகமும் ஒரே குடும்பத்தின் வரலாற்றோடு பிணைந்திருப்பது கவனத்துக்குரியது.

ஆங்கிலேயர் ஆட்சியில் சமஸ்தானங்களின் அஞ்சல் முறை இரு வகைப்பட்டது. குவாலியர், பாட்டியாலா போன்றவை பிரிட்டிஷ் அரசுடன் உடன்படிக்கை செய்துகொண்டு, பிரிட்டிஷ் இந்தியத் தலைகளின் மேல் தங்கள் பெயரை அச்சிட்டுப் பயன்படுத்தின. ஹைதராபாத், திருவிதாங்கூர், கொச்சி முதலியவை தமக்கெனத் தனி அஞ்சலை நடத்தின. திருவிதாங்கூரில் அதற்கு ‘அஞ்சல்’ என்றே பெயர். சங்கு பொறித்த அதன் தலைகள் 1888 முதல் புழங்கின. இன்று தமிழில் பொதுச்சொல்லாகிவிட்ட ‘அஞ்சல்’ அக்காலத்தில் ஓர் அரசின் தனி நிறுவனத்தைக் குறித்தது.

இத்தகைய தலைகள் சமஸ்தான எல்லைக்குள் மட்டுமே செல்லுபடியாகும். ஹைதராபாத்திலிருந்து சென்னைக்குக் கடிதம் எழுத வேண்டுமாயின் பிரிட்டிஷ் இந்தியத் தலைதான் தேவை. சமஸ்தானத்துக்குள்ளேயே பிரிட்டிஷ் அஞ்சலகங்களும் இயங்கின. ஆகவே நிஜாமின் அஞ்சல்தலை உலகை நோக்கிய விளம்பரமாக இயங்கியிருக்க வாய்ப்பு குறைவு. அதன் முதன்மையான பார்வையாளர்கள் சொந்தக் குடிமக்களே. தம் அரசு எது என்பதை அது அவர்களுக்கு நாள்தோறும் நினைவூட்டியது.

வெள்ளத்துக்குப் பின் எழுந்த நகரம்

முதல் 60 ஆண்டுகளில் வெளியான தலைகளில் எழுத்துகளும் அலங்கார வடிவங்களுமே மேலோங்கியிருந்தன. படங்கள் வந்தது 1931இல். ஏழாம் நிஜாம் மீர் உஸ்மான் அலி கான் காலத்தில் வெளியான அவ்வரிசையில் ஒரு அணாத் தலையில் சார்மினார், 2 அணாவில் உயர்நீதிமன்றம், 4 அணாவில் உஸ்மான் சாகர் நீர்த்தேக்கம், 8 அணாவில் அஜந்தா குகைகளின் முகப்பு, 12 அணாவில் பிதர் கல்லூரி, ஒரு ரூபாயில் தௌலதாபாத் வெற்றித்தூண் ஆகியவை இடம்பெற்றன.

இந்த ஆறு படங்களில் முதல் மூன்றையும் ஒன்றாக வைத்துப் படிக்க வேண்டும். 1908 செப்டம்பர் 28 அன்று மூசி ஆறு கரைபுரண்டு நகரின் பெரும்பகுதியை அழித்தது. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். வெள்ளத் தடுப்புக்கான ஆலோசனைக்குப் பொறியாளர் விசுவேசுவரய்யா அழைக்கப்பட்டார். 1911இல் பட்டமேறிய உஸ்மான் அலி கான், 1912இல் நகர மேம்பாட்டு வாரியத்தை அமைத்தார். மூசி ஆற்றைத் தடுத்து உஸ்மான் சாகர் கட்டப்பட்டது. ஆற்றின் ஒரு கரையில் உயர்நீதிமன்றமும் மறுகரையில் உஸ்மானியா பொது மருத்துவமனையும் எழுந்தன. கட்டடக் கலைஞர் வின்சென்ட் எஷ் இவ்விரு கட்டடங்களையும் இந்திய-இசுலாமியப் பாணியில் வடிவமைத்தார்.

1591இல் முகம்மது குலி குத்ப் ஷா எழுப்பிய சார்மினாருக்கு அடுத்து வெள்ளத்துக்குப் பிந்தைய நீதிமன்றத்தையும் நீர்த்தேக்கத்தையும் வைத்ததன் வழியே, பழைய நகரின் வழித்தோன்றலும் புதிய நகரின் படைப்பாளியும் தானே என நிஜாம் அரசு அறிவித்தது. நான்கு அணாத் தலையில் அணைக்கட்டைப் பார்த்த ஹைதராபாத்வாசிக்கு 1908 நினைவுக்கு வராமல் இருந்திருக்காது. அஞ்சல்தலையில் வெள்ளம் இல்லை. அதற்கான விடை மட்டுமே இருந்தது.

அடுத்த மூன்று படங்களும் தலைநகருக்கு வெளியே உள்ளவை. தௌலதாபாத் தூண் பாமினி சுல்தான்களின் 15ஆம் நூற்றாண்டுக் கட்டடம். பிதர் கல்லூரி என்பது பாமினி அமைச்சர் மகமூத் கவான் கட்டிய மதரசா. அஜந்தாவோ பௌத்தர்களுடையது. சமஸ்தானம் 1914இல் தொல்லியல் துறையைத் தொடங்கி குலாம் யஸ்தானியை அதன் தலைமையில் அமர்த்தியது. அஜந்தா ஓவியங்களைப் பாதுகாக்க 1920களின் தொடக்கத்தில் இத்தாலியிலிருந்து வல்லுநர்கள் வரவழைக்கப்பட்டனர். யஸ்தானியின் அஜந்தா நூல்தொகுதியின் முதற்பகுதி 1930இல் வெளிவந்தது. அஞ்சல்தலை அதற்கு அடுத்த ஆண்டு வந்தது. ஏறத்தாழ அதே காலத்தில்தான் தலைநகரின் பொதுப் பூங்காவில் சமஸ்தானத்தின் அருங்காட்சியகமும் திறக்கப்பட்டது. அஜந்தா ஓவியங்களின் படிகள் அங்குக் காட்சிக்கு வைக்கப்பட்டன. அகழாய்வு, நூல், அருங்காட்சியகம், அஞ்சல்தலை ஆகிய நான்கும் ஒரே கொள்கையின் நான்கு முகங்களாக இயங்கின. முசுலிம் மன்னர் ஒருவர் பௌத்தக் குகைகளைத் தம் அரசின் பெருமையாக அஞ்சலில் அனுப்பியது அக்கொள்கையின் சிறப்பான விளைவு எனலாம்.

இவ்வரிசையில் இல்லாத ஒன்றும் உண்டு: மன்னரின் முகம். கொச்சியின் தலைகளில் மன்னரின் உருவம் இருந்தது. பிரிட்டிஷ் இந்தியத் தலைகளில் பேரரசரின் உருவம் இருந்தது. உலகின் பெருஞ்செல்வந்தர் எனப் பெயர்பெற்ற உஸ்மான் அலி கானின் முகம் இந்த ஆறு படங்களுள் ஒன்றாகவும் இல்லை. 1937இல் அவருடைய ஆட்சியின் வெள்ளிவிழாவுக்காக வெளியான நான்கு தலைகளிலும் முகத்துக்கு மாறாக யுனானி பொது மருத்துவமனை, உஸ்மானியா பொது மருத்துவமனை, உஸ்மானியா பல்கலைக்கழகம், ஜூபிலி மண்டபம் ஆகியனவே காட்டப்பட்டன. யுனானியும் மேலை மருத்துவமும் ஒரே வரிசையில் அடுத்தடுத்து நின்றன. எனினும் நான்கில் மூன்று நிறுவனங்கள் அரசரின் பெயரையோ விழாவின் பெயரையோ தாங்கியிருந்தன. முகம் இல்லாத இடத்தைக் கட்டடங்களின் பெயர்கள் நிரப்பின.

மூலையில் இருந்த மொழிகள்

ஹைதராபாத் அஞ்சல்தலைகளின் மற்றொரு தனித்தன்மை பன்மொழி எழுத்து. உருது, ஆங்கிலம் ஆகியவற்றோடு தெலுங்கிலும் மராத்தியிலும் மதிப்பு குறிக்கப்பட்டது. பன்மைப் பண்பாட்டுக்கான சான்றாக இதைச் சுட்டுவது வழக்கம். அக்கூற்றில் உண்மை உண்டு. ஆனால் முழு உண்மை இல்லை.

சமஸ்தானத்து மக்களில் மிகப் பெரும் பிரிவினர் தெலுங்கு பேசுவோர். அடுத்த நிலையில் மராத்தியரும் கன்னடரும் இருந்தனர். நிர்வாகத்திலும் உயர்கல்வியிலும் உருதுவே கோலோச்சியது. 1918இல் தொடங்கிய உஸ்மானியா பல்கலைக்கழகம் ஒரு நவீன இந்திய மொழியைப் பயிற்றுமொழியாகக் கொண்டு மருத்துவமும் பொறியியலும் கற்பித்த முன்னோடி நிறுவனம். ஆங்கிலத்தைத் தாய்மொழிக் கல்வியால் பதிலீடு செய்ய விழையும் எவரும் அதன் வரலாற்றைப் படிக்க வேண்டும். ஆனால் அந்த மொழி, பெரும்பான்மை மக்களின் தாய்மொழியாக இல்லை. தெலுங்கு உழவர் ஒருவருக்குத் தன் மொழி அஞ்சல்தலையின் மூலையில் கிடைத்தது. பல்கலைக்கழக வகுப்பறையில் கிடைக்கவில்லை. ஜாகீர்தார்களுக்கும் தேஷ்முக்குகளுக்கும் அவர் செய்த ‘வெட்டி’ என்னும் கூலியில்லா உழைப்பு எந்த அணாத் தலையிலும் படமாகவில்லை. 1946இல் தெலங்கானாவில் வெடித்த உழவர் போராட்டத்தின் காரணங்களை அஞ்சல்தலைகளில் தேடினால், அங்கே காணாமற்போனவற்றிலிருந்தே அவற்றை அறிய முடியும்.

மூன்று அணாவில் காகதியர்

1947 பிப்ரவரியில், சீர்திருத்தப்பட்ட சட்டமன்றத்தின் தொடக்கத்தைக் குறித்து ஒரு அணாத் தலை வெளியானது. அதில் இருந்தது நகர மண்டபம். இன்றைய தெலங்கானா சட்டமன்ற வளாகத்தின் பழைய கட்டடம். அந்தச் சீர்திருத்தத்தின் மூலம் அரவமுது அய்யங்கார் தலைமையில் 1937இல் அமைந்த குழுவரை பின்னோக்கிச் செல்கிறது. முடிவில் உருவான திட்டம், மக்கள்தொகையில் மிகச் சிறுபான்மையரான முசுலிம்களுக்கும் பெரும்பான்மையரான இந்துக்களுக்கும் அவையில் சம இடம் அளித்தது. சமஸ்தான காங்கிரசு அதைப் புறக்கணித்தது. அஞ்சல்தலையோ குவிமாடங்களோடு கூடிய ஓர் அழகிய மன்றத்தைக் காட்டியது.

இதையொட்டிய காலத்தில் மேலும் மூன்று படங்கள் வந்தன: ஹைதராபாத் மின்நிலையம், வாரங்கல் கோட்டையின் காகதிய வளைவு, கோல்கொண்டா கோட்டை. இவற்றுள் 3 அணாத் தலையில் வந்த காகதிய வளைவு தனிக் கவனத்துக்குரியது. டெல்லி சுல்தானியப் படையெடுப்பால் 1323இல் வீழ்ந்த தெலுங்கு அரசின் நினைவுச்சின்னம் அது. சிதைந்த சிவன் கோயிலைச் சூழ்ந்து நின்ற நான்கு தோரணங்களுள் ஒன்று. 1931இன் ஆறு படங்களிலோ 1937இன் நான்கு படங்களிலோ தெலுங்கு மரபுக்குரிய இடைக்காலச் சின்னம் எதுவும் இல்லை. அரசின் எதிர்காலமே கேள்விக்குள்ளான தருவாயில் அது இடம்பெற்றது. எல்லாக் குடிகளுக்கும் உரிய அரசு தான் என்று காட்டும் தேவை அத்தேர்வைத் தூண்டியிருக்கலாம். தொல்லியல் துறையின் இயல்பான விரிவாகவும் அது இருக்கலாம். எவ்வாறாயினும் அந்த ஏற்பு காலம் கடந்து வந்தது.

1948 செப்டம்பரில் இந்தியப் படைகள் நுழைந்தன. 17ஆம் நாள் நிஜாம் பணிந்தார். அதற்கு முன் ரசாக்கர்களின் கொடுமைகளும் அதற்குப் பின் முசுலிம்கள் மீதான படுகொலைகளும் நிகழ்ந்தன. அரசு அனுப்பிய சுந்தர்லால் குழு, பின்னர் நிகழ்ந்த இறப்புகளை 27,000 முதல் 40,000 வரை என மதிப்பிட்டது. 1950 ஏப்ரல் 1 முதல் ஹைதராபாத்தின் தலைகளுக்கு மாற்றாக இந்தியத் தலைகள் புழக்கத்துக்கு வந்தன.

தேசத்தின் தொல்லியல் வரிசை

இடைப்பட்ட காலத்தில், 1949 ஆகஸ்ட் 15 அன்று சுதந்திர இந்தியா 16 தலைகள் கொண்ட தொல்லியல் வரிசையை வெளியிட்டிருந்தது. அதன் மிகக் குறைந்த மதிப்பான 3 தம்பிடித் தலையில் இருந்தது அஜந்தா. 2 அணாவில் நடராசர். 6 அணாவில் பீஜப்பூரின் கோல் கும்பஸ். உயர் மதிப்புகளில் செங்கோட்டை, தாஜ்மகால், குதுப்மினார். சார்மினாருக்கு அங்கே இடமில்லை.

இதை மதம் சார்ந்த ஒதுக்கல் என்று விளக்கிவிட முடியாது. முசுலிம் ஆட்சிக்காலக் கட்டடங்கள் நான்கு அவ்வரிசையில் உள்ளன. ஹைதராபாத் அப்போது இந்திய அஞ்சல் அமைப்பினுள் இல்லை என்று விளக்கினாலும் பொருந்தாது; அஜந்தா இருந்ததும் அதே சமஸ்தானத்தில்தான். அஜந்தாவைப் பல நூற்றாண்டுத் தொன்மையின் பேரால் தேசத்துடன் இணைப்பது எளிது. சார்மினாரோ அப்போதுதான் வீழ்ந்த ஓர் அரசின் முகவரி. 1931இல் நிஜாமின் ஒரு ரூபாய்த் தலையில் தௌலதாபாத் வெற்றித்தூண் நின்றது. 1949இல் இந்தியாவின் ஒரு ரூபாய்த் தலையில் சித்தூர் வெற்றித்தூண் நின்றது. இரண்டும் 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. முன்னது பாமினி சுல்தானுடையது. பின்னது மேவார் ராணா கும்பாவுடையது. மதிப்பு மாறவில்லை, வெற்றி யாருடையது என்பது மாறியது.

சாலர் ஜங் இல்லத்திலிருந்து தேச அருங்காட்சியகம்

மூன்றாம் சாலர் ஜங் எனப்படும் மீர் யூசுப் அலி கான், 1912 முதல் 1914 வரை ஏழாம் நிஜாமின் முதன்மை அமைச்சராக இருந்தவர். பதவியை விட்டபின் வாழ்நாளைக் கலைப்பொருள் சேகரிப்பில் கழித்தார். 1949 மார்ச் 2 அன்று அவர் நேரடி வாரிசின்றி இறந்தார். சேகரிப்பு அவருடைய மாளிகையான திவான் தேவ்டியிலேயே ஒழுங்குபடுத்தப்பட்டு, 1951 டிசம்பர் 16 அன்று ஜவாகர்லால் நேருவால் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. 1961இல் நாடாளுமன்றச் சட்டம் அதைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக்கியது. 1968இல் அது இன்றைய கட்டடத்துக்கு மாறியது. திவான் தேவ்டியின் பெரும்பகுதி பின்னர் அழிந்தது. பொருள்கள் பிழைத்தன; அவை வாழ்ந்த வீடு பிழைக்கவில்லை.

இப்பின்னணியில் 1978ஆம் ஆண்டுத் தலையை மீண்டும் நோக்கலாம். ஜஹாங்கீரின் குத்துவாள் கலைநயம் மிக்கது. தேர்வில் பிழை காண இயலாது. ஆனால் ‘தேசியம்’ என்ற சட்டகத்துக்குள் நுழைய ஹைதராபாத்தின் அருங்காட்சியகம் முகலாயப் பொருள் ஒன்றின் தோளில் ஏற வேண்டியிருந்தது. துத்தநாகக் கலவையில் வெள்ளி பதித்து, பிதர் கோட்டை மண்ணால் கருமையேற்றும் உள்ளூர்க் கைவினைக்கு அன்று அந்த இடம் வாய்க்கவில்லை. நகரத்தை ஒரு சேகரிப்பாளரின் உலக ரசனை பிரதிநிதித்துவம் செய்தது. கைவினைஞரின் பட்டறை செய்யவில்லை.

இதற்கு முன்பே, 1969 மார்ச் 15 அன்று, உஸ்மானியா பல்கலைக்கழகத்தின் பொன்விழாத் தலை வெளியாகியிருந்தது. நிஜாமின் வெள்ளிவிழாத் தலையில் இடம்பெற்ற அதே பல்கலைக்கழகம். ஆனால் உருதுப் பயிற்றுமொழி அதற்குள் மறைந்து ஆங்கிலம் வந்துவிட்டது. மேலும் அந்த ஆண்டு சனவரியிலிருந்தே தனித் தெலங்கானா கோரிய போராட்டத்தின் மையமாக அவ்வளாகம் கொதித்துக்கொண்டிருந்தது. அப்போராட்டத்தில் 369 பேர் உயிரிழந்தனர் என்பது தெலங்கானா இயக்கத்தாரின் கணக்கு. பொன்விழாத் தலை புழக்கத்தில் இருந்த மாதங்களில், அது கொண்டாடிய நிறுவனத்தின் மாணவர்கள் தெருவில் நின்றனர்.

முத்திரையில் மீண்டும்

2014இல் தெலங்கானா தனி மாநிலமானபோது அதன் அரசு முத்திரையில் இரு சின்னங்கள் இடம்பெற்றன: காகதியத் தோரணம், அதனுள் சார்மினார். 1931ஆம் ஆண்டின் ஒரு அணாவும் 1947ஆம் ஆண்டின் 3 அணாவும் ஒரே வட்டத்துக்குள் வந்து சேர்ந்தன. நிஜாமின் அஞ்சல் துறை தயங்கித் தயங்கி இணைத்தவற்றை ஒரு மக்களாட்சி மாநிலம் தன் அடையாளமாகவே வரித்துக்கொண்டது. ஆனால் 2024இல், அவ்விரண்டும் மன்னராட்சியின் சின்னங்கள், அவற்றுக்குப் பதிலாக மக்கள் போராட்டத்தைக் காட்டும் முத்திரை வேண்டும் என்ற முயற்சி எழுந்தது. எதிர்ப்பு வலுத்ததால் அது தள்ளிவைக்கப்பட்டது. ஒரு தரப்பு அவற்றில் அரசர்களைக் கண்டது. மறுதரப்பு ஊரைக் கண்டது. இருதரப்பும் சுட்டிய பொருள் ஒன்றே.

அஞ்சல்தலைகளைப் பண்பாட்டு வரலாற்றின் ஆவணமாகக் கொள்ளும் ஆய்வுகள் பெரும்பாலும் ‘இதில் என்ன காட்டப்பட்டுள்ளது’ என்பதோடு நின்றுவிடுகின்றன. ஹைதராபாத்தின் தலைகள் மேலும் சில வினாக்களைக் கேட்கச் சொல்கின்றன. அத்தலை எந்த எல்லைக்குள் செல்லுபடியானது? வெளியான ஆண்டில் அந்தக் கட்டடத்துக்குள்ளும் அதன் வாயிலிலும் என்ன நிகழ்ந்துகொண்டிருந்தது? எந்த மொழி நடுவில் இருந்தது, எது மூலையில் இருந்தது? ஒரே வரிசைக்குள் இடம்பெறாதவை எவை? இவ்வினாக்களோடு அணுகினால், அருங்காட்சியகத்தையும் நகரத்தையும் கொண்டாடும் ஒவ்வொரு தலையும் அவற்றின்மீதான ஓர் உரிமைக்கோரலாகவும் படிக்கப்படும். 1931இன் தலையில் இருந்த உயர்நீதிமன்றமும் 1937இன் தலையில் இருந்த உஸ்மானியா மருத்துவமனையும் இன்றும் மூசியின் இரு கரைகளில் எதிரெதிரே நிற்கின்றன. மருத்துவமனையின் பழைய கட்டடம் 2020இல் மழைவெள்ளம் புகுந்து நோயாளிகள் வெளியேற்றப்பட்ட நாள்முதல், இடிப்பதா காப்பதா என்ற வழக்கில் சிக்கியது. வெள்ளத்துக்குப் பின் எழுந்த நகரத்தின் சின்னமாக அஞ்சலில் சென்ற கட்டடத்தின் கதி இது. அதன் உரிமையை இன்று கோருபவர் யார் என்பதை எந்த அஞ்சல்தலையும் இன்னும் சொல்லவில்லை.